எழுபத்துமூன்றின் நிரூபணமும் எந்திரத்தின் எல்லையும்

குமரி மாவட்டக் கல்லூரிகளில் கணிதமும் கணினி அறிவியலும் பயிலும் மாணவர்களுக்கும், அவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு திறந்த மடல்

எந்திர அறிவுக்குத் தருக்கத்தின் அடிப்படையிலேயே ஓர் எல்லை உண்டு என்பது 1930களில் ஐயத்திற்கு இடமின்றி நிறுவப்பட்ட தேற்றம். அந்த எல்லை மனிதச் சிந்தனையைக் கட்டுப்படுத்தாது என்பதோ இன்றுவரை எவராலும் நிறுவப்படாத கூற்று. முன்னதை அறியாதவர்கள் கணினியால் ஆகாதது எதுவுமில்லை என்று நம்புகிறார்கள். பின்னதை ஆராயாதவர்கள், மனித மனத்தின் மேன்மைக்குக் கணிதமே சான்றிதழ் வழங்கிவிட்டதாகப் பேசுகிறார்கள். நாகர்கோவில் முதல் மார்த்தாண்டம் வரை உள்ள கல்லூரிகளில் மாணவர்களின் பயிற்சிக் கணக்குகளையும் கருத்தரங்கக் கட்டுரைகளையும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் சில நொடிகளில் எழுதித் தந்துவிடும் இந்தக் காலத்தில், மேற்கண்ட இரு கூற்றுகளையும் பிரித்தறியாமல் இருப்பது படிப்பையே பாதிக்கும் என்பதால் இம்மடல் எழுதப்படுகிறது. இந்த வேறுபாட்டுக்கான எடுத்துக்காட்டைத் தொலைவில் தேட வேண்டியதில்லை. நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியில் பயின்ற ஒருவருடைய ஆய்விலேயே அது முழுமையாக அமைந்திருக்கிறது.

சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை, கணித உலகில் எஸ். எஸ். பிள்ளை என்று அறியப்படுபவர், 1901 ஏப்ரல் 5 அன்று பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே தாயையும், பள்ளி இறுதி ஆண்டில் தந்தையையும் இழந்த அவர், அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த நாகர்கோவிலில் ஸ்காட் கல்லூரியில் இன்டர்மீடியட் படித்து, திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் பட்டம் பெற்று, 1927இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு உதவித்தொகையுடன் ஆனந்த ராவ், வைத்தியநாதசுவாமி ஆகிய பேராசிரியர்களிடம் ஆய்வைத் தொடங்கினார். 1929 முதல் 1941 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்த காலத்தில்தான் அவருடைய பெயரை நிலைநிறுத்திய ஆய்வுகள் வெளிவந்தன. இராமானுசனின் பெயரை அறியாத மாணவர் தமிழ்நாட்டில் இல்லை. பிள்ளையின் பெயரை அவர் படித்த ஊரிலேயே பலர் அறிந்திருக்கவில்லை என்பது வருந்தத்தக்கது.

பிள்ளை எடுத்துக்கொண்ட சிக்கல் 1770இல் எட்வர்ட் வாரிங் என்ற ஆங்கிலேயர் எழுப்பியது. எந்த இயல் எண்ணையும் நான்கு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுதலாம், ஒன்பது கன எண்களின் கூட்டுத்தொகையாக எழுதலாம், பத்தொன்பது நான்காம் அடுக்குகளின் கூட்டுத்தொகையாக எழுதலாம், இவ்வாறே மேலே உள்ள ஒவ்வோர் அடுக்குக்கும் ஓர் எண்ணிக்கை உண்டு என்று நிரூபணம் தராமலே அவர் கூறினார். வர்க்கங்களைப் பற்றிய பகுதியை லாக்ராஞ்சு அதே ஆண்டில் நிறுவினார்; எல்லா அடுக்குகளுக்கும் இப்படி ஓர் எண்ணிக்கை இருந்தே தீரும் என்பதை டேவிட் ஹில்பர்ட் 1909இல் நிறுவினார். ஆனால் அந்த எண்ணிக்கை துல்லியமாக எவ்வளவு என்பதை ஹில்பர்ட்டின் நிரூபணம் சொல்லவில்லை. ஆறாம் அடுக்குக்கு அது 73 என்பதைப் பிள்ளை 1940இல் நிறுவினார்.

73க்குக் குறைந்த எண்ணிக்கை போதாது என்பதைப் பள்ளி மாணவரும் சரிபார்க்கலாம். 703 என்ற எண்ணை ஆறாம் அடுக்குகளாகப் பிரிக்க வேண்டுமானால், 3இன் ஆறாம் அடுக்கு 729 என்பதால் அதைப் பயன்படுத்த இயலாது. 2இன் ஆறாம் அடுக்கான 64ஐயும் 1ஐயும் மட்டுமே கொண்டு எழுத வேண்டும். 64ஐப் பத்து முறை எடுத்தால் 640. எஞ்சிய 63க்கு 63 ஒன்றுகள் தேவை. ஆக மொத்தம் 73. கடினம் மறுபக்கத்தில் இருக்கிறது. எந்த எண்ணுக்கும், அது எவ்வளவு பெரிதாக இருந்தாலும், 74 ஒருபோதும் தேவைப்படாது என்று காட்ட வேண்டும். எண்களை ஒவ்வொன்றாகச் சோதித்துச் செல்லும் கருவி, அது எவ்வளவு வேகமானதாக இருந்தாலும், இதை ஒருபோதும் முடிக்காது. ஏனெனில் சோதிக்கப்பட்டவை எப்போதும் முடிவுள்ள தொகுதியாகவும், எஞ்சியவை எப்போதும் முடிவிலியாகவும் இருக்கும். பிள்ளை இந்த முடிவிலியை இரண்டாகப் பிளந்தார். ஹார்டியும் இராமானுசனும் தொடங்கி, ஹார்டியும் லிட்டில்வுட்டும் வளர்த்து, ரஷ்யக் கணிதர் வினோகிராதோவ் கூர்மைப்படுத்திய பகுப்பாய்வு முறையின் துணையால், குறிப்பிட்ட ஒரு வரம்புக்கு மேற்பட்ட எல்லா எண்களுக்கும் 73 அடுக்குகள் போதும் என்று ஒரே வீச்சில் காட்டுவது முதற்பகுதி. அந்த வரம்புக்குக் கீழே உள்ள எண்களைச் சிறியவற்றிலிருந்து படிப்படியாக ஏறிச் சென்று அடைப்பது இரண்டாம் பகுதி. கணக்கிட்டு முடிக்கவே முடியாத வேலையை, முடிக்கத்தக்க வேலையாக மாற்றிய அந்தச் செயலே நிரூபணம் எனப்படுவது. நான்காம் அடுக்குக்கு 19 போதும் என்பது 1986இல்தான் நிறுவப்பட்டது. சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஆர். பாலசுப்பிரமணியன் அதை நிறுவிய மூவரில் ஒருவர். அங்கு கணினியின் கணக்கீடும் உதவியது. ஆனால் கணினி எதுவரை சென்றால் போதும் என்பதைத் தீர்மானித்தது பகுப்பாய்வுதான்.

ஏழாம் அடுக்குக்கும் அதற்கு மேற்பட்டவற்றுக்கும் பொருந்தும் பொது வாய்பாட்டை 1930களின் நடுப்பகுதியில் பிள்ளையும் அமெரிக்கக் கணிதர் டிக்சனும் ஒருவரையொருவர் சாராமல் கண்டார்கள். அந்த வாய்பாடு ஒரு நிபந்தனையைப் பொறுத்தது. அதைத் தொடக்கக் கல்வியின் வகுத்தல் கணக்காகவே சொல்லிவிடலாம். எடுத்துக்கொண்ட அடுக்குக்கு 3இன் அடுக்கை 2இன் அடுக்கால் வகுக்க வேண்டும். கிடைக்கும் ஈவையும் மீதியையும் கூட்டினால் வரும் தொகை, வகுத்த எண்ணை விஞ்சக்கூடாது. ஆறாம் அடுக்கில் 729ஐ 64ஆல் வகுத்தால் ஈவு 11, மீதி 25, கூட்டினால் 36, அது 64ஐ விஞ்சவில்லை. ஆகவே 64உடன் 11ஐக் கூட்டி 2ஐக் கழித்தால் கிடைக்கும் 73 என்னும் வாய்பாட்டு விடை பொருந்துகிறது. நிபந்தனை தவறும் அடுக்கு ஏதேனும் இருந்தால், அங்கு விடைக்கு வேறொரு வாய்பாடு உண்டு. ஆனால் அப்படித் தவறும் அடுக்கு ஒன்றேனும் உண்டா?

இந்த இடத்தில்தான் எந்திரத்தின் எல்லை தெளிவாகத் தென்படுகிறது. ஓர் எளிய நிரலை எண்ணிப் பார்க்கலாம்: அது அடுக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து வகுக்கும், ஈவும் மீதியும் சேர்ந்து வரம்பை விஞ்சினால் அந்த அடுக்கைத் தெரிவித்து நின்றுவிடும், விஞ்சவில்லையென்றால் அடுத்த அடுக்குக்குச் செல்லும். முதலாமாண்டு மாணவர் பத்து வரிகளில் எழுதக்கூடிய நிரல் இது. இது என்றேனும் நிற்குமா, நிற்காதா? 1990இல் குபினாவும் உண்டர்லிச்சும் 47 கோடியே 16 லட்சம் வரையுள்ள எல்லா அடுக்குகளையும் சோதித்து, எங்கும் நிபந்தனை தவறவில்லை என்று கண்டார்கள். அந்தச் சோதனை மேற்கண்ட வினாவுக்கு விடையாகாது. 47 கோடி முறை நிற்காத நிரல் அதற்கு அடுத்த முறை நிற்கக்கூடும்.

எந்த நிரலைக் கொடுத்தாலும் அது நிற்குமா, நிற்காதா என்று தவறாமல் சொல்லிவிடும் பொதுவான நிரல் ஒன்றை எழுத முடியுமா என்னும் வினாவின் கருவை ஆலன் டூரிங் 1936இல் வெளியிட்ட கட்டுரையில் ஆராய்ந்து, முடியாது என்று நிறுவினார். இன்று அது நிறுத்தச் சிக்கல் எனப்படுகிறது. நிரூபணத்தின் சாரம் சுருக்கமானது. அப்படி ஒரு தீர்ப்பு நிரல் இருப்பதாகக் கொள்வோமானால், அதை உள்ளடக்கி இன்னொரு நிரலை எழுதலாம். இந்த இரண்டாவது நிரல், தன்னிடம் தரப்படும் நிரலை அதன் சொந்த வரிகளையே உள்ளீடாகக் கொண்டு இயக்கினால் அது நிற்குமா என்று தீர்ப்பு நிரலிடம் கேட்கும். நிற்கும் என்று விடை வந்தால் முடிவின்றி ஓடும். நிற்காது என்று விடை வந்தால் உடனே நின்றுவிடும். இப்போது இரண்டாவது நிரலிடம் அதனையே கொடுத்தால், அது நிற்கும் என்பது தீர்ப்பானால் நிற்காது. நிற்காது என்பது தீர்ப்பானால் நிற்கும். தீர்ப்பு எதுவானாலும் பொய்யாகிறது. ஆகவே தீர்ப்பு நிரல் இருக்க முடியாது. இந்த முடிவு 1936இன் கருவிகளைப் பற்றியது மட்டுமன்று. நினைவகத்தை எவ்வளவு பெருக்கினாலும், செயலியை எவ்வளவு விரைவாக்கினாலும், பயிற்சித் தரவை எவ்வளவு கூட்டினாலும் மாறாத முடிவு இது. குவாண்டம் கணினிக்கும் பொருந்துவது.

டூரிங்குக்கு ஐந்தாண்டுகள் முன்னதாக, 1931இல், குர்ட் கோடல் இதன் மறுமுகத்தை வெளிப்படுத்தியிருந்தார். கணிதத்தைச் சில அடிக்கோள்களிலிருந்து, அதாவது நிரூபணமின்றி ஏற்றுக்கொள்ளப்படும் தொடக்கக் கூற்றுகளிலிருந்து, விதிகளின்படி வருவிக்கலாம் என்பதும், அப்படிப்பட்ட முறைமை முரணற்றது என்று நிறுவிவிடலாம் என்பதும் ஹில்பர்ட்டின் திட்டமாக இருந்தது. இயல் எண்களின் கூட்டலையும் பெருக்கலையும் பேசக்கூடியதும், நிரூபணங்களை எந்திரம்போலச் சரிபார்க்கத்தக்கதுமான எந்த முறைமையும், அது முரணற்றதாக இருக்குமானால், தன்னால் நிறுவ இயலாத உண்மையான கூற்று ஒன்றைக் கொண்டிருக்கும் என்று கோடல் காட்டினார். அந்த முறைமை தன் முரணின்மையைத் தன் விதிகளாலேயே நிறுவிக்கொள்ள இயலாது என்பது அவருடைய இரண்டாவது தேற்றம். இவை முழுமையின்மைத் தேற்றங்கள் எனப்படுகின்றன. அடுக்குகளின் வேறுபாட்டைப் பற்றிய பிள்ளையின் முக்கியக் கட்டுரைகளில் ஒன்று இந்தியக் கணிதக் கழக இதழில் 1931இலும், மற்றொன்று 1936இலும் வெளிவந்தன என்பது ஆண்டுகளின் தற்செயல் ஒற்றுமைதான்; எனினும் சிதம்பரத்திலும் வியன்னாவிலும் கேம்பிரிட்ஜிலும் ஒரே காலத்தில் நடந்த இந்த வேலைகள் பின்னர் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன என்பது தற்செயலன்று.

அந்தத் தொடர்பைச் சொல்வதற்குமுன், பரவலாக நிலவும் பிழையான புரிதல் ஒன்றைக் களைய வேண்டும். எல்லா நிரல்களுக்கும் பொருந்தும் ஒரே தீர்ப்பு முறை இல்லை என்றுதான் டூரிங்கின் தேற்றம் சொல்கிறது. இன்ன நிரலைப் பற்றி எவராலும் தீர்ப்புச் சொல்ல முடியாது என்று அது சொல்லவில்லை. பிள்ளையின் நிபந்தனையைச் சோதிக்கும் நிரலைப் பற்றி 1957இல் கர்ட் மாலர் ஒரு பெரிய அடியை எடுத்து வைத்தார்: நிபந்தனை தவறும் அடுக்குகள் இருந்தாலும் அவை முடிவுள்ள எண்ணிக்கையில்தான் இருக்கும் என்று நிறுவினார். ஆனால் அவருடைய நிரூபணம், தவறும் அடுக்குகள் எந்த வரம்புக்குள் இருக்கும் என்பதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கணினியை அந்த வரம்புவரை ஓடவிட்டுச் சிக்கலை முடித்துவிடலாம். ஒன்று உண்மை என்று நிறுவப்பட்டும், அந்த உண்மையைக் கணக்கீடாக மாற்ற வழியில்லாமல் நிற்கும் நிலைக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது. கணினி அறிவியல் வகுப்புகளில் நிறுத்தச் சிக்கல் கற்பிக்கப்படும்போது கற்பனையான நிரல்கள்தான் காட்டப்படுகின்றன. நாகர்கோவிலில் படித்தவருடைய தேற்றத்திலேயே உயிருள்ள எடுத்துக்காட்டு இருக்கும்போது அதைப் பயன்படுத்தாமல் விடுவது இழப்பு.

பிள்ளையின் மற்றோர் ஆய்வு எல்லைக் கோட்டுக்கு இன்னும் அருகில் செல்கிறது. வர்க்கம், கனம், அவற்றுக்கு மேற்பட்ட முழு அடுக்குகள் ஆகியவற்றை வரிசைப்படுத்தினால் 1, 4, 8, 9, 16, 25, 27, 32, 36 என்று செல்லும். இவ்வரிசையில் குறிப்பிட்ட ஒரு வேறுபாடு, எடுத்துக்காட்டாக 2 என்பது, 27க்கும் 25க்கும் இடையில் வருவதுபோல, முடிவுள்ள எண்ணிக்கையிலான இடங்களில் மட்டுமே வரும் என்பது பிள்ளையின் ஊகம். வேறுபாடு 1ஆக இருக்கும்போது 8, 9 என்ற ஓர் இணையைத் தவிர வேறில்லை என்று 1844இல் கற்றலான் ஊகித்திருந்தார். 1976இல் டைடெமான் அதற்குரிய விடைகள் அனைத்தும் கணக்கிடத்தக்க ஒரு வரம்புக்குள் அடங்கும் என்று நிறுவினார்; அந்த வரம்பு எந்தக் கணினியாலும் கடக்க முடியாத அளவு பெரிதாக இருந்ததால் சிக்கல் முடியவில்லை. 2002இல் மிகைலெஸ்கு முற்றிலும் வேறொரு துறையின் கருத்துகளைக் கொண்டு வந்து அதை முழுமையாக நிறுவினார். 2 முதற்கொண்டு மற்ற எந்த வேறுபாட்டுக்கும் பிள்ளையின் ஊகம் இன்றுவரை நிறுவப்படவில்லை.

தெரியாத எண்கள் அடுக்குக்குறியாகவும் வரும் இத்தகைய சமன்பாடுகளுக்கு அடுக்குக்குறி டையோபாண்டைன் சமன்பாடுகள் என்று பெயர். முழு எண்களில் மட்டுமே விடை தேடப்படுவது அவற்றின் இயல்பு. இந்த வகைச் சமன்பாடு எதைக் கொடுத்தாலும் அதற்கு விடை உண்டா, இல்லையா என்று சொல்லும் பொதுப் படிமுறை, அதாவது அல்காரிதம், இருக்கவே முடியாது என்று 1961இல் டேவிஸ், புட்னம், ஜூலியா ராபின்சன் ஆகிய மூவரும் நிறுவினார்கள். 1970இல் மத்தியசேவிச் என்ற இளம் ரஷ்யக் கணிதர் சாதாரண டையோபாண்டைன் சமன்பாடுகளுக்கும் இது பொருந்தும் என்று காட்டி, 1900இல் ஹில்பர்ட் விடுத்த பட்டியலின் பத்தாவது வினாவுக்கு இல்லை என்ற விடையைத் தந்தார். டூரிங்கின் எல்லை என்பது தன்னையே விழுங்கும் விசித்திர நிரல்களுக்கு மட்டும் உரியதன்று, எண்களைப் பற்றிய மிகப் பழைய, மிக இயல்பான வினாக்களின் நடுவிலேயே அது ஓடுகிறது என்பது இதனால் உறுதியாயிற்று. பிள்ளையின் தனிப்பட்ட சமன்பாடு தீர்க்க முடியாதது என்று இதற்குப் பொருளன்று. அது வாழும் பெருங்குடும்பத்துக்குப் பொதுத் தீர்வு இல்லை என்பதே பொருள். ஆகவே இக்குடும்பத்தின் ஒவ்வொரு சிக்கலையும் அதனதன் இயல்பைப் புரிந்துகொண்டு தனித்தனியாகத்தான் அணுக வேண்டியிருக்கும்.

மனிதச் சிந்தனை இந்த எல்லைக்கு அப்பாற்பட்டதா என்னும் வினாவை இனி எடுத்துக்கொள்ளலாம். அப்பாற்பட்டதே என்று வாதிட்டவர்களில் முதன்மையானவர் ஆக்ஸ்போர்டு மெய்யியலாளர் லூகாஸ். அவருடைய கட்டுரை 1961இல் வெளிவந்தது. இயற்பியலர் ரோஜர் பென்ரோஸ் 1989இலும் 1994இலும் எழுதிய நூல்களில் அதை விரித்துரைத்தார். எந்த எந்திரமும் ஒரு விதி முறைமைதான். அதனால் நிறுவ முடியாத கோடல் கூற்று ஒன்று உண்டு. அந்தக் கூற்று உண்மை என்பதை மனிதர் காண்கிறார். ஆகவே மனிதர் அந்த எந்திரமல்லர் என்பது அவர்களின் வாதம். முதலில் கேட்கும்போது உறுதியாகத் தோன்றும் இந்த வாதத்தில் ஓர் இடைவெளி இருக்கிறது. கோடல் கூற்று உண்மை என்பதை மனிதர் காண்பது, அந்த முறைமை முரணற்றது என்ற நிபந்தனையின் பேரில்தான். முரணற்றதாக இருந்தால் கூற்று உண்மை என்ற நிபந்தனை வாக்கியத்தை அந்த முறைமையே நிறுவிவிடும். மனிதர் கூடுதலாகச் செய்வது முரணின்மையை நம்புவது. அந்த நம்பிக்கை எவ்வளவு உறுதியற்றது என்பதற்குக் காட்லோப் பிரேகேயின் வரலாறு சான்று: பல ஆண்டுகள் உழைத்து எண்கணிதத்தைத் தருக்கத்தின்மேல் கட்டிய அவருக்கு 1902இல் பெர்ட்ரண்ட் ரசல் எழுதிய ஒரு கடிதம், அவருடைய அடிக்கோள்களுக்குள்ளேயே முரண் இருப்பதைச் சுட்டியது. தருக்கவியலில் தலைசிறந்த மனிதரே தாம் வகுத்த முறைமையின் முரணின்மையைக் காணத் தவறியிருக்கும்போது, மனித மனம் முழுவதற்கும் நிகரான ஒரு முறைமையின் முரணின்மையை மனிதர் நேரில் காண்கிறார் என்று கூறுவதற்கு அடிப்படை இல்லை. 1950இல் டூரிங்கே இத்தகைய வாதத்துக்கு விடையளித்திருந்தார்: எந்திரங்களுக்கு எல்லை நிறுவப்பட்டிருக்கிறது, மனித அறிவுக்கு அத்தகைய எல்லை இல்லை என்பது நிரூபணமின்றிச் சொல்லப்படுகிறது என்பதே அவர் சுட்டியதன் சாரம்.

கோடல் இவ்வளவு எளிதாக முடிவுகட்டவில்லை என்பது கவனத்திற்குரியது. 1951இல் அமெரிக்காவில் ஆற்றிய கிப்ஸ் சொற்பொழிவில் அவர் இரண்டில் ஒன்று உண்மை என்ற அளவில் மட்டுமே நின்றார்: ஒன்று, கணிதத்தில் மனித மனம் எந்த முடிவுள்ள எந்திரத்தையும் விஞ்சுவதாக இருக்க வேண்டும், அல்லது, மனித மனத்தாலும் என்றுமே தீர்க்க முடியாத டையோபாண்டைன் சிக்கல்கள் இருக்க வேண்டும். எது உண்மை என்று தேற்றம் சொல்லாது. தம் சொந்த நம்பிக்கை முதலாவதன் பக்கம் சாய்ந்திருந்தபோதிலும், நிறுவப்பட்டதையும் நம்பப்படுவதையும் அவர் தனித்தனியே வைத்தார். அந்தச் சொற்பொழிவுக்கு முந்தைய ஆண்டில்தான், கோடல் பணியாற்றிய பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனத்தில் ஓராண்டு தங்கி ஆய்வு செய்ய அழைப்புப் பெற்று, ஹார்வர்டில் நடந்த உலகக் கணித மாநாட்டிலும் பங்கேற்கப் புறப்பட்ட பிள்ளை, 1950 ஆகஸ்டு 31 அன்று கெய்ரோவுக்கு அருகில் நிகழ்ந்த விமான விபத்தில் உயிரிழந்தார். அவருக்கு அப்போது வயது 49. அடுக்குக்குறிச் சமன்பாடுகளோடு இருபது ஆண்டுகள் போராடிய ஒருவர், தீர்க்கவியலாச் சமன்பாடுகளைப் பற்றிச் சிந்தித்துக்கொண்டிருந்த ஒருவரின் நிறுவனத்தை அடையாமலே போனது இந்தியக் கணிதத்துக்கு நேர்ந்த பெரிய இழப்புகளுள் ஒன்று.

இன்றைய செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் செய்யும் பிழைகளுக்குக் கோடலையும் டூரிங்கையும் காரணம் காட்டுவதும் பிழையே. பெருமொழி மாதிரிகள் எனப்படுபவை, ஏராளமான எழுத்துத் தரவிலிருந்து, முன்வந்த சொற்களுக்குப் பின் எந்தச் சொல் வரும் வாய்ப்பு மிகுதி என்பதைக் கற்றுக்கொண்டு விடை எழுதுபவை. அவை தவறான நிரூபணத்தை உறுதியான நடையில் எழுதுவது, நிகழ்தகவும் நிரூபணமும் வெவ்வேறானவை என்பதால்தான். மறுபுறம், 2024ஆம் ஆண்டின் உலகக் கணித ஒலிம்பியாடு வினாக்களில் ஆறில் நான்கைக் கூகுள் டீப்மைண்ட் நிறுவனத்தின் அமைப்புகள் தீர்த்து, வெள்ளிப் பதக்கத்துக்கு நிகரான 28 மதிப்பெண் பெற்றன. அவற்றுள் ஒன்றான ஆல்பாபுரூஃப், ஒவ்வொரு படியையும் லீன் என்னும் நிரூபணச் சரிபார்ப்பு மொழியில் எழுதியதால் அதன் விடைகளில் சொல்லலங்காரத்துக்கு இடமில்லாமல் போயிற்று. பள்ளி இறுதி வகுப்பில் மிகத் திறமையான மாணவர்களே தடுமாறும் வினாக்கள் அவை. எந்திரத்தால் கணிதம் செய்யவே முடியாது என்று இனி எவரும் கூறுவதற்கில்லை; கோடலின் தேற்றம் அப்படி ஒருபோதும் கூறியதுமில்லை.

வேறொரு வகை எல்லையும் தருக்க எல்லையோடு குழப்பப்படுகிறது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரிக் கடலருகே மிக விரைவாக வலுப்பெற்றபோது, தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய கடற்கரை ஊர்களைச் சேர்ந்த மீனவர்கள் பலர் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தார்கள். எச்சரிக்கை அவர்களை அடையவில்லை. அந்தத் துயரத்தைக் கணினியின் தருக்க எல்லைக்கு எடுத்துக்காட்டாகக் கூறுவது பொருந்தாது. வளிமண்டலத்தைப் பற்றிய தரவு போதாமை, சிறு மாற்றமும் பெருவிளைவாகும் அதன் இயல்பு, செய்தியைக் கடலுக்குள் கொண்டுசெல்லும் வழியில்லாமை ஆகியவை முயற்சியாலும் செலவாலும் குறைக்கத்தக்கவை, குறைக்கப்படவும் வேண்டியவை. தருக்க எல்லை எந்தச் செலவாலும் குறையாது. முன்னதைப் பின்னதாகக் காட்டுவது, மனிதர்கள் நிறைவேற்றத் தவறிய கடமையைக் கணிதத்தின் தலையில் சுமத்துவதாகிவிடும்.

அப்படியானால் மனிதச் சிந்தனைக்கு உரிய சிறப்பு எங்கே இருக்கிறது? தேற்றங்கள் அதை நிறுவித் தராவிட்டாலும், பிள்ளையின் வேலையை ஊன்றிப் படிப்பவருக்கு அது புலப்படாமல் போகாது. முடிவிலியை எந்த இடத்தில் பிளப்பது என்ற தேர்வு, ஈவையும் மீதியையும் கூட்டிப் பார்க்க வேண்டும் என்ற நோக்கு, எண்ணற்ற வினாக்களில் அடுக்குகளின் வேறுபாடு என்னும் ஒன்றைக் கேட்கத்தக்கது என்று கண்டுகொண்ட மதிப்பீடு, இவையெல்லாம் எந்த விதியும் கட்டளையிடாதவை. இவற்றை நாளை ஓர் எந்திரமும் செய்யக்கூடுமா என்பது திறந்த வினா. அதை மூடிவிட முயல்வது நேர்மையாகாது. ஆனால் இன்று ஒரு மாணவர் நிரூபணம் ஒன்றைத் தாமே தேடாமல் செயலியிடமிருந்து பெற்றுக்கொள்ளும்போது, அவர் இழப்பது மதிப்பெண்ணை அன்று. இந்தத் தேர்வையும் நோக்கையும் மதிப்பீட்டையும் வளர்த்துக்கொள்ளும் ஒரே பயிற்சியைத்தான். தவறான முயற்சியில் பல நாள் செலவிடுவது வீணன்று என்பதைக் கணித ஆசிரியர்கள் அறிவார்கள்; மாணவர்களுக்கு அதை அவர்கள் அழுத்திச் சொல்ல வேண்டிய காலம் இது.

ஆகவே இம்மாவட்டத்தின் கல்லூரிகளிடம் வைக்கப்படும் வேண்டுகோள் இதுவே. கோடல், டூரிங் ஆகியோரின் தேற்றங்களை மேற்கோளாக மட்டும் கேட்டுப் பழகாமல், இளங்கலை நிலையிலேயே அவற்றின் நிரூபணத்தைக் கரும்பலகையில் முழுமையாக எழுதிக் கற்பிக்க வேண்டும். கணிதத் துறையும் கணினி அறிவியல் துறையும் அந்த வகுப்பைச் சேர்ந்து நடத்துவது நல்லது. செயலி எழுதித் தந்த நிரூபணத்தை ஏற்பதற்குமுன் ஒவ்வொரு படியையும் மாணவர் தம் வாயால் விளக்கிக் காட்டும் வழக்கத்தைத் தேர்வு முறையில் சேர்க்க வேண்டும். பிள்ளையின் ஆய்வுக் கட்டுரைகளை இராமானுசன் கணிதக் கழகம் 2010இல் தொகுத்து வெளியிட்டிருக்கிறது. அத்தொகுப்பை ஒவ்வொரு கல்லூரி நூலகமும் வாங்கி வைக்க வேண்டும். மாணவர்களே, அதைத் திறந்து, அடுக்குகளின் வேறுபாட்டைப் பற்றிய அந்தச் சில பக்கங்களைத் தாளும் பேனாவுமாக அமர்ந்து படியுங்கள். வேறுபாடு 2 என்னும் நேர்வு இன்னும் தீர்க்கப்படாமல்தான் இருக்கிறது.